காக்கா அனுப்பும் 15,000 ரூபாய்: டேப்லெட்டா, பாடப்புத்தகமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். எனக்கு ஊர் கீழக்கரை. பி.எஸ்சி. முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 ஒரு தடவை எழுதினேன். தமிழில் 71 கேள்வி சரி, பொது அறிவில் கவிழ்ந்துவிட்டேன். மறுபடியும் படிக்கிறேன். எல்லாமே மொபைலில்தான். டெலிகிராமில் சேர்த்த பி.டி.எஃப். மட்டும் 900 இருக்கும். நாலு மணி நேரம் தாண்டினால் கண்ணில் தண்ணீர் வருகிறது, தலை வலிக்கிறது. துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்), "பெரிய திரையில் படி, டேப்லெட் வாங்க 15,000 ரூபாய் அனுப்புகிறேன்" என்கிறார். வாப்பா சங்கு குளிக்கப் போகிறவர். "காசைக் கரியாக்காதே, புத்தகம் வாங்கு" என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பரீட்சையில் கேள்வியைப் பார்த்தால் படித்த மாதிரியே இருக்கிறது, விடைதான் வரமாட்டேன் என்கிறது. எதை வாங்கட்டும்?

பதில்: வ அலைக்கும் ஸலாம், மகளே.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். குரூப் 4 தேர்வுக்கு, இப்போதைக்கு, டேப்லெட் வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள தமிழ், அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்களை அச்சில் வாங்கு. கையில் இருக்கும் மொபைலுக்கும் வேலை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

வாப்பா பக்கம் சேர்ந்துகொண்டேன் என்று காக்கா வருத்தப்பட வேண்டாம். என் காரணம் வேறு. உன் கடிதத்தில் டேப்லெட் பற்றிய வரிகளை விட கடைசியில் இருந்த அந்த ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. படித்த மாதிரி இருக்கிறது, விடை வரமாட்டேன் என்கிறது. 26 வருஷம் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தினேன். ஓய்வுக்குப் பிறகு ராமநாதபுரத்தில் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் இதே வரியை யாராவது ஒரு பிள்ளை அழுதுகொண்டு சொல்கிறாள். நீ சோம்பேறியும் இல்லை, மக்கும் இல்லை. படித்த விதம் உன்னை ஏமாற்றியிருக்கிறது.

ஒரு பக்கத்தை நாலு தடவை பார்த்தால் அது கண்ணுக்குப் பழகிவிடும். ஏர்வாடி பஸ்ஸில் தினமும் பார்க்கிற கண்டக்டரின் முகம் உனக்கு நன்றாகத் தெரியும், பெயர் கேட்டால் திணறுவாய் அல்லவா, அது மாதிரி. தேர்வில் கேட்பது பெயரைத்தான்.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்பவும் படித்தார்கள். மற்றவர்கள் மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது. இதில் நீ கவனிக்க வேண்டியது அந்த ஐந்து நிமிடத்தைத்தான். படித்து முடித்தவுடன் 'எல்லாம் வந்துவிட்டது' என்று மனசு சொல்லும். அந்தக் கணத்தில் அது உண்மையும்கூட. பரீட்சை அந்தக் கணத்தில் நடப்பதில்லை.

உன் ஊரிலிருந்தே ஒரு உதாரணம் தருகிறேன். சீதக்காதியைப் பற்றி உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்கள் ஊர்க்காரர். சீறாப்புராணம் எழுதிய உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் என்று சின்ன வயதிலேயே கேட்டிருப்பாய். சரி, இப்போது இந்தப் பத்திரிகையை மூடிவிட்டு ஒரு தாளில் எழுது. சீறாப்புராணத்தில் எத்தனை காண்டம், அவற்றின் பெயர் என்ன? மொத்தம் எத்தனை பாடல்? உமறுப்புலவரின் ஆசிரியர் யார்? அவர் எழுதிய இன்னொரு நூல் எது? சீதக்காதியின் இயற்பெயர் என்ன?

எழுதிவிட்டாயா? மூன்று காண்டங்கள்: விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து. 5027 பாடல்கள். ஆசிரியர் கடிகைமுத்துப் புலவர். இன்னொரு நூல் முதுமொழிமாலை. இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். ஐந்தில் எத்தனை வந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். வராத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள். இப்போது திணறிவிட்டு விடையைப் பார்த்தாயே, இந்த ஐந்தும் இனிமேல் சுலபத்தில் மறக்காது. இதே விஷயத்தை மொபைலில் இருபது தடவை விரலால் தள்ளியிருந்தாலும் இந்தத் திணறல் உனக்குக் கிடைத்திருக்காது.

இதைத் திரையில் வைத்துச் செய்ய முடியாதா என்று கேட்பாய். முடியும். ஆனால் செய்யமாட்டோம். அதுதான் என் அனுபவம். திரையில் ஒரு பக்கம் கசந்தால் அடுத்த நொடியில் வேறு பி.டி.எஃப்.புக்குப் போய்விடலாம். 900 இருக்கிறது என்கிறாய். புத்தகத்தில் கசந்தால் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது எழுந்து போக வேண்டும். இந்த 900இல் எத்தனையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருப்பாய்? புதிதாக ஒரு பி.டி.எஃப். சேரும்போது வருகிற சந்தோஷம் படித்த சந்தோஷம் மாதிரியே இருக்கும். இந்தக் காலப் பிள்ளைகளை அது போட்டுப் பாடாய்ப் படுத்துகிறது. இன்று இரவே அந்தச் சேனல்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து வெளியே வந்துவிடு. டேப்லெட் வாங்கினால் 900 என்பது 2000 ஆகும், வேறு ஒன்றும் மாறாது.

திரையா, தாளா என்பதையே நேராக ஒப்பிட்ட ஆய்வுகளும் நிறைய உண்டு. 2018இல் ஸ்பெயினின் வாலென்சியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1,70,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வுகள். தகவல் நிறைந்த பாடங்களைப் படிக்கும்போது தாளில் படித்தவர்களுக்குத்தான் நன்றாகப் புரிந்திருந்தது. நேரக் கட்டுப்பாடு இருந்தால் அந்த இடைவெளி இன்னும் கூடியது. கதை படிக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று இதைச் சொல்லிவிட முடியாது, சின்ன வித்தியாசம்தான். ஆனால் குரூப் 4 என்பது தகவல் நிறைந்த பாடம், நேரக் கட்டுப்பாட்டோடு. ஒன்றரை மார்க்கில் வேலை கை நழுவிப் போவதைப் பார்த்தவள் நான். சின்ன வித்தியாசமும் நமக்கு வேண்டும்.

இதை விடப் பெரிய காரணம் விடைத்தாள். இந்தத் தேர்வு இன்னும் தாளில்தான் நடக்கிறது. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. அதற்குள் படித்து, யோசித்து, ஓ.எம்.ஆர். தாளில் கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டத்தை முழுசாக நிரப்ப வேண்டும். ஒரு வட்டத்துக்கு ஐந்து விநாடி என்றாலும் 200 வட்டத்துக்குப் பதினேழு நிமிடம் ஆகும். நாலு விடைகளோடு, விடை தெரியவில்லை என்பதற்கு ஐந்தாவதாக E என்று ஒரு வட்டம் வேறு. டேப்லெட்டில் மாதிரித் தேர்வு எழுதினால் விரலால் ஒரு தட்டு, முடிந்தது. அந்தப் பதினேழு நிமிடத்தை அது கணக்கில் காட்டாது. போன தடவை பொது அறிவில் கவிழ்ந்தேன் என்கிறாயே, அந்தப் பகுதிக்கு வரும்போது மணி என்ன ஆகியிருந்தது என்று யோசித்துப் பார். தமிழில் நிதானமாக நின்றுவிட்டு, பொது அறிவை ஓட்டமும் நடையுமாக முடித்த பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே பலர்.

நாளைக்கு வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வு, எஸ்.எஸ்.சி. என்று போகிறாய் என்றால் பேச்சு வேறு. அவை கணினியில் நடக்கின்றன. அப்போது திரையில் கேள்வி படித்துப் பழகியே ஆக வேண்டும். அங்கேயும் கையில் இருப்பது மவுஸ்தான் என்பதால் டேப்லெட்டை விட, தெரிந்தவர் வீட்டுக் கணினியிலோ பிரவுசிங் சென்டரிலோ உட்கார்ந்து பழகுவது மேல். பொடி எழுத்து தெரியாமல் பெரிதாக்கிப் படிக்க வேண்டியவர்களுக்கும் டேப்லெட் நல்ல துணை. உன் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

கண்ணைப் பற்றி. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது. கண் உலர்கிறது. உலர்ந்து உறுத்தினால் தண்ணீர் வருகிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தள்ளி இருக்கிற எதையாவது இருபது விநாடி பார். மாடியில் உட்கார்ந்தால் கடலையே பார்க்கலாம். ஆனால் தலைவலியை மொபைல் மேல் மட்டும் போட்டுவிடாதே. கண்ணில் பவர் இருக்கிறதா என்று ஒரு தடவை சோதித்துவிடு. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் செலவில்லாமல் பார்த்துவிடலாம். கண்ணாடி போட வேண்டிய கண்ணுக்குப் புத்தகமும் வலிக்கும், டேப்லெட்டும் வலிக்கும். இதைத் தள்ளிப்போடாதே, இந்த வாரமே போய்விட்டு வா.

நம் கரையில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய இன்னொன்று உப்புக்காற்று. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் நானும் ஒரு டேப்லெட் வாங்கினேன். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. பதினெட்டு மாதத்தில் சார்ஜ் போடுகிற துளையில் பச்சை பூத்துவிட்டது. உப்புத்தூள் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மின்சாரம் பாய்கிற உலோகத்தை அரித்துவிடும். சரிசெய்யக் கொடுத்த கடையில் ஒரு மாதம் கிடந்தது. திரும்பி வந்தபோது உள்ளே நான் எழுதி வைத்திருந்த குறிப்புகள் ஒன்றுகூட இல்லை. ஒன்றரை வருஷ உழைப்பு. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அதற்காகப் புத்தகம் பத்திரம் என்று சொல்லமாட்டேன். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அன்றைக்குத் தங்கச்சிமடத்தில் என் மாணவி ஒருத்தியின் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த புத்தகங்கள் எல்லாம் களியாகிவிட்டன. புத்தகங்களை மறுபடி வாங்கிவிட்டோம். கையால் எழுதிய நோட்டுகளை எந்தக் கடையில் வாங்குவது? நல்ல வேளை, அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வாரம் எழுதிய பக்கங்களை மொபைலில் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிடும் பழக்கம் வைத்திருந்தாள். அதை வைத்தே மீண்டும் எழுதினாள். நீயும் அதைச் செய். படங்களைக் காக்காவுக்கே அனுப்பு. தங்கச்சி என்ன படிக்கிறாள் என்று அவருக்கும் தெரியும், உன் நோட்டும் துபாயில் பத்திரமாக இருக்கும்.

புத்தகங்களைத் தரையோடு ஒட்டி வைக்காதே. மழை மாதங்களில் மூடி இறுக்கமான டின்னில் போட்டு, இரண்டு துண்டு வசம்பு போட்டு வை. ராமபாணப் பூச்சி அண்டாது. பக்கம் ஒட்டிக்கொண்டால் வெயிலில் காய வைக்காதே, அட்டை வளைந்துவிடும். மின்விசிறிக் காற்றில் விரித்து வைத்தால் போதும்.

இனி மொபைலுக்கு வருகிறேன். அதற்கு மூன்று வேலை கொடு. தேர்வாணைய இணையதளத்தில் பாடத்திட்டமும் பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் இலவசமாக இருக்கின்றன. இறக்கிக்கொள். வேறு யாரோ தட்டச்சு செய்து சுற்றில் விட்ட வினாத்தாளில் விடை தப்பாக இருக்கும், அதை நம்பாதே. அப்புறம், நடப்பு நிகழ்வுகள். அதற்குத் தினமும் அரை மணி நேரம் போதும், முடிந்தால் நூலகத்தில் செய்தித்தாளாகவே படித்துவிடு. மூன்றாவது, புத்தகத்தில் ஓர் இடம் புரியவே இல்லை என்றால் ஒரு வீடியோ. ஒன்றே ஒன்று. பார்த்ததும் மொபைலை உம்மா கையில் கொடுத்துவிடு. பஜ்ர் (அதிகாலை) தொழுகைக்குப் பிறகான இரண்டு மணி நேரம் மொபைல் உன் அறையிலேயே இருக்கக் கூடாது. அந்த நேரம் புத்தகத்துக்கு மட்டும்.

ஒரு பாடம் படிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறாயோ அவ்வளவு நேரம் மூடி வைத்து எழுதவும் எடுத்துக்கொள். முதல் பதினைந்து நாள் மிகவும் கடுப்பாக இருக்கும். முன்பு ஒரு நாளில் மூன்று பாடம் முடித்தவள் இப்போது ஒன்றரைதான் முடிக்கிறேனே என்று பயம் வரும். பயப்படாதே. மறுநாள் காலையில், நேற்றைய பாடத்தைப் புத்தகத்தைத் திறக்காமல் பத்து வரி எழுது. அடுத்த வாரம் அதே நாளில் மறுபடி எழுது. வராத இடத்தில் புத்தகத்திலேயே பென்சில் புள்ளி. ஒரே புத்தகம், ஒரே இடம், அதே புள்ளி என்று திரும்பத் திரும்பப் பார்த்தால், 'இடது பக்கம், கீழே, படத்துக்குப் பக்கத்தில்' என்று இடத்தோடு சேர்ந்து ஞாபகம் வரும். விரலால் தள்ளிக்கொண்டே போகும் பக்கத்தில் அந்த இடம் என்பதே நிலையாக இருப்பதில்லை. என் பிள்ளைகள் பலர் தேர்வறையில் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தைத் தேடுவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

பணக் கணக்கு. முதலில் தெருவில் கேள். பத்தாவது முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் பழைய புத்தகங்கள் பரணில் கிடக்கும். வாங்குவதற்கு முன் உள்பக்கத்தில் பதிப்பு ஆண்டைப் பார். புதிய பாடத்திட்டப் புத்தகங்கள் 2018இலும் 2019இலும் வந்தவை. அதற்கு முந்தையது என்றால் உனக்குப் பயன்படாது. கிடைக்காதவற்றை மட்டும் கடையில் புதிதாக வாங்கு. பி.டி.எஃப்.பை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து முழுப் புத்தகமாக அச்செடுக்காதே, பெரும்பாலும் அசல் புத்தகமே அதை விட மலிவு. அச்செடுக்க வேண்டியவை பழைய வினாத்தாள்களும் மாதிரி ஓ.எம்.ஆர். தாள்களும். குறைந்தது இருபது செட். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து பன்னிரண்டரைக்கு எழுந்திரு. தேர்வு நடக்கிற நேரமும் அதுதான். ஒரு நல்ல மேசை விளக்கு, முதுகு வலிக்காத ஒரு நாற்காலி. இவற்றை யாரும் படிப்புச் செலவாக எண்ணுவதில்லை, ஆனால் தேர்வு வரை நீ அதில்தான் உட்காரப் போகிறாய்.

எல்லாம் சேர்த்தாலும் காக்கா அனுப்பும் பணத்தில் பாதியைத் தொடாது. மீதியில் ராமநாதபுரம் போய்வர பஸ் செலவுக்கு எடுத்து வை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடத்துகிறார்கள், வகுப்பு இலவசம். வாரத்தில் ஒரு நாளாவது போ. வீட்டுக்குள் தனியாகப் படிக்கிற பெண்ணுக்கு, தன்னைப் போலவே திணறுகிற பத்துப் பேரைப் பார்ப்பதே பெரிய தெம்பு. வாப்பாவிடம் இதற்கு அனுமதி வாங்க நான் பேச வேண்டும் என்றால், பேசுகிறேன்.

காக்காவிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் உனக்கு இருக்கும். தூரத்தில் இருப்பவருக்குத் தங்கச்சிக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு. டேப்லெட் என்றால் கண்ணுக்குத் தெரிகிற பொருள், 'நான் வாங்கிக்கொடுத்தேன்' என்று நினைத்துக்கொள்ளலாம். அந்த மனசைத் தட்டிவிடாதே. "வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல், இந்தக் கணக்கை அப்படியே அவருக்கு எழுதி அனுப்பு. வாங்கிய புத்தகங்களை மேசையில் அடுக்கி ஒரு படம் எடுத்து அனுப்பு. வார விடுமுறையில் அவர் வீடியோ காலில் வரும்போது, அந்த வாரம் நீ புள்ளி வைத்த கேள்விகளை அவருக்கு அனுப்பிக் கேட்கச் சொல். இருபது நிமிடம் போதும். அவர் கேட்க, நீ பார்க்காமல் சொல்ல வேண்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமைத் தாளை எழுதியதும், 200இல் எத்தனை சரி என்பதோடு இன்னொன்றையும் குறித்து எனக்கு அனுப்பு: நூறாவது கேள்வியைத் தாண்டும்போது மணி எத்தனை. அதைப் பார்த்துவிட்டு, தமிழை முதலில் எழுதலாமா பொது அறிவை முதலில் எழுதலாமா என்று சொல்கிறேன்.